முருங்கைக் கொம்பும் பெப்சி பாசியும்

எங்க வேப்பம்பட்டு பக்கம் முருங்கைக்கு விதை போட்டு யாரும் நான் பார்த்ததில்லை. ஒரு கொம்பை ஒடிச்சு, வெட்டுவாயில் சாணியை அப்பி, குழியில் நட்டால் வேலை முடிந்தது. காய் ருசியும் தாய் மரத்து ருசிதான். ஆனால் தாய் மரத்துக்கு வந்த சீக்கும் இதற்கு வரும். இந்த இரண்டாவது பாதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ராமநாதபுரம் கடலில் நடந்தது அதுதான்.

அதற்கு முன் ஜயன்ட் கெல்ப் பற்றி. கலிபோர்னியா, சிலி, டாஸ்மேனியா மாதிரி குளிர்ந்த கடல்களில் காடு மாதிரி வளரும் பழுப்புப் பாசி. நல்ல நிலையில் ஒரு நாளைக்கு அரை மீட்டர்கூட நீளும். இதை முருங்கை மாதிரி ஒடிச்சு நட முடியுமா? இலைத் துண்டு வேர்ப்பிடிப்பை உண்டாக்காது, அழுகிப்போகும். படரும் பிடிப்பு உள்ள சில வகைகளில் மட்டும் அந்தப் பிடிப்பைப் பிரித்துக் கட்டலாம்.

ஆனால் ஆய்வகத்தில் வேறு ஒரு வழி இருக்கு. கெல்ப்பின் வித்து நேராகப் பெரிய பாசியாக வளராது. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆண் இழை, பெண் இழை என்று முளைக்கும். அவை முட்டை, விந்து உண்டாக்க நீல ஒளி வேண்டும். சிவப்பு ஒளியிலேயே வைத்தால் இழையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அரைத்து, பிரித்து, ஆண்டுக்கணக்கில் பெருக்கலாம். தேவைப்படும்போது ஒளியை மாற்றி, ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டிக் கெல்ப் கிடைக்கும். கிழக்கு டாஸ்மேனியாவில் கெல்ப் காடு 95 சதவீதம் போய்விட்டது. சூடு தாங்கிய மிச்சச் செடிகளிலிருந்து இழை எடுத்துத்தான் அங்கே மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள். இழைகள் நகல்தான். ஆனால் ஒவ்வொரு சேர்க்கையிலும் புதுக் கலப்பு வருகிறது. அதுதான் அதன் பலம்.

இப்போ நம்ம கதை. கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி நம் கடலுக்குச் சொந்தமில்லை. பூர்வீகம் பிலிப்பைன்ஸ், 1984-ல் ஜப்பான் வழியாகக் குஜராத் கரைக்கு வந்து, 1990-களில் மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போகும் கராஜீனன் இதிலிருந்துதான். 2000 வாக்கில் பெப்சி கம்பெனி வளர்ப்பில் இறங்கியதால், ஊர்க்காரங்க இதற்கு வைத்த பேர் 'பெப்சி பாசி'. கம்பெனி 2008-ல் விலகியும் பேர் போகவில்லை.

வளர்ப்பு முறை முருங்கைக் கொம்பேதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம். 60 கிலோ துண்டுகளைக் கயிற்றில் கட்டினால், 45 நாளில் சுமார் 260 கிலோ. அதிலிருந்தே அடுத்த தடவைக்கு 60 கிலோ. பெரும்பாலும் பெண்கள் பார்க்கிற வேலை. 2012 வாக்கில் உலர் பாசி விளைச்சல் சுமார் 1,500 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடல் சூடேறி, பாசி கூட்டம் கூட்டமாக வெளுத்து அழுகியது. ஒரே குடும்பத்துத் துண்டுகளை இத்தனை வருஷம் திரும்பத் திரும்ப நட்டிருக்கிறோம். இங்கே பாலினச் சேர்க்கை கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. ஒன்றுக்கு ஆகாத சூடு எல்லாத்துக்கும் ஆகவில்லை.

சரி, புதிய ரகம் கொண்டுவரலாமே? 2024-ல் மத்திய அரசு உயிருள்ள பாசி இறக்குமதிக்கு வழிமுறைகளை வெளியிட்டது. தேவைதான். ஆனால் துண்டிலிருந்து முளைக்கும் குணமே இதன் ஆபத்தும். 2008-ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், பவளப்பாறை மேல் இந்தப் பாசி போர்த்திக் கிடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வித்து போடாத பாசி பரவாது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. அலையில் அறுந்த ஒரு துண்டு போதும். தமிழக அரசு 2005-லேயே வளர்ப்பை பாக் விரிகுடாவின் வடக்குக்கும் தூத்துக்குடிக்குத் தெற்குக்கும் என்று வரையறுத்திருந்தது.

என் கட்சி கஞ்சிப்பாசி. நம்ம கடலின் சொந்தப் பாசி, அகர் எடுக்கலாம், துண்டிலும் வளரும், வித்திலும் வளரும். காசு குறைவு என்பது உண்மை. 45 நாளில் நாலு மடங்கு தரும் பாசியோடு போட்டி போடுவது சுலபமில்லை. அந்த வித்தியாசத்தை யாராவது ஈடுகட்டினால் ஒழிய, தெப்பம் கட்டும் பெண்கள் பெப்சி பாசியைத்தான் கட்டுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.