உங்களுக்குத் தெரியுமா?

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் தண்டனை பெற்றவர்களே அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2022 டிசம்பர் 31 அன்று அடைபட்டிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஒருநாள் கணக்குதானே, பலர் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார்களே என்று கேட்கலாம். வருகிறார்கள்தான், ஆனால் அந்த வாதம் எதிர்ப்பக்கமே சாய்கிறது. ஜனவரியில் உள்ளே போய் மார்ச்சில் ஜாமீனில் வந்தவர் டிசம்பர் தலையெண்ணிக்கையில் வரவே மாட்டார். ஆக, தீர்ப்பில்லாமல் அந்த ஆண்டில் சிறைவாசல் மிதித்தவர்கள் இன்னும் அதிகம். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் வேறு.

இவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால் பிணையாள் இல்லாத சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இல்லை.