பார்சலில் வந்த ரோஜாச் செடி

இப்போதெல்லாம் படத்தைப் பார்த்தே ரோஜாச் செடிகளைப் பார்சலில் வரவழைக்கிறோம். நட்டு வளர்த்துப் பார்த்தால், படத்தில் கண்ட பூ ஒன்று, செடியில் பூத்தது வேறு ஒன்று! உடனே செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் சிலர். கொஞ்சம் பொறுங்க. காரணத்தைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யலாம்.

முதலில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்க. ரோஜாவில் நல்ல ரகத்தின் கண்ணை எடுத்து வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிர் வேர்ச்செடியுடையது. அதை விட்டுவைத்தால் மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். மல்டிஃப்ளோரா வேர்ச்செடியாக இருந்தால் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும். இந்தத் துளிரை மண்ணோடு நறுக்கினால் மறுபடி தழைக்கும். மண்ணை விலக்கி, அடியோடு பிய்த்து எடுங்க. நடும்போதே ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவேண்டும். மேலே உள்ள ரகம் பட்டுப்போய், வேர்ச்செடி மட்டும் திடமாக இருந்தால், அதிலேயே நல்ல கண்ணை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

ஒட்டுக்கு மேலே பூத்த பூவே மாறியிருந்தால்? அப்போது பருவத்தைப் பாருங்க. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற சாயப்பொருள் சூட்டில் குறைவாகத்தான் உண்டாகும். சித்திரை வெயிலில் நிறம் வெளுக்கும், இதழ் குறையும், பூ சிறுக்கும். கருஞ்சிவப்பு ரகங்களில் இதழ் ஓரம் கருகவும் செய்யும். அதே செடி மார்கழி, தை மாதங்களில் நல்ல நிறத்தோடு பூக்கும். புதுச்செடியின் முதல் பூவும் சின்னதாகத்தான் இருக்கும். ஆகவே முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் செடியைத் தேற்றுங்க.

குளிர் காலத்திலும் பூ மாறியே வந்தால், அனுப்பிய ரகமே வேறு என்று கொள்ளலாம். ரசீது, செடியில் கட்டிவந்த சீட்டு, பூவின் படம் மூன்றையும் வைத்து நர்சரியைக் கேளுங்க.

நீல ரோஜா விதை என்று சொன்னால் வாங்காதீங்க. அசல் நீலத்துக்கு வேண்டிய சாயப்பொருள் ரோஜாவில் இயற்கையாக இல்லை. ஜப்பானில் மரபணுவை மாற்றி உண்டாக்கி, 2009-இல் விற்பனைக்கு வந்த 'நீல' ரோஜாகூட இளம் ஊதாதான். தவிர, கலப்பு ரோஜாவின் விதையை ஊன்றினால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது.

அடுத்த முறை எழுதும்போது 'சிவப்பு ரோஜா' என்று மட்டும் எழுதாமல், 'கிளாடியேட்டர்' என்பதுபோல் ரகத்தின் பெயரைக் குறிப்பிடுங்க. வியாபாரத்துக்கு நடுவதானால் முதலில் பத்துச் செடி வாங்கி, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பாருங்க. உங்கள் மண்ணிலும் வெயிலிலும் பூக்கிற பூவைத்தானே சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறோம்? அது பிடித்த பிறகு அரை ஏக்கருக்குப் பணம் கட்டலாம்.