தலைசிறந்த ஆட்டக்காரர் யார்?

கல்லூரி என்று ஒன்று இருந்தால் அதற்கொரு விளையாட்டுக் குழு இருக்கும். குழு என்று ஒன்று இருந்தால் அதில் தலைசிறந்தவர் யார் என்ற வழக்கும் இருக்கும். நான் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயலிலும் இவ்வழக்கு உண்டு. சாம்பியன் ரீப்காரர் ஒருவரைச் சொன்னால் மாரிக்குப்பத்தார் மற்றொருவரைச் சொல்வார். வீண் பேச்சு என்று இதைச் சிலர் ஒதுக்குவர். எதைக் கொண்டு அளப்பது என்று தெரிந்து வாதிட்டால் இதில் வரலாறும் உண்டு, நீதியும் உண்டு என்பது என் கருத்து.

முதல் அளவுகோல் வெற்றி. பலரும் எடுப்பது இதைத்தான். ஆனால் 1957ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். வட கரோலினா 54, கான்சாஸ் 53. மூன்று முறை கூடுதல் நேரம் தந்த பிறகே முடிவு கிட்டியது. எனினும் அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் தோற்ற கான்சாஸ் குழுவின் வில்ட் சேம்பர்லினுக்கே சென்றது. கோப்பை குழுவுக்கு உரியது. திறமை ஆளுக்கு உரியது. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது அளவுகோல் எண்ணிக்கை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1955இலும் 1956இலும் பட்டம் வென்றபோது அதன் தூணாக நின்றவர் பில் ரஸ்ஸல். எதிரி கூடையை நோக்கி எறிந்த பந்தைத் தட்டி வீழ்த்துவதில் அவர் மன்னர். ஆனால் அந்நாளில் தடுத்த பந்துகளை யாரும் முறையாகக் கணக்கெழுதவில்லை. போட்ட புள்ளிகளை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் ரஸ்ஸலின் பெருமையில் பாதியைக் காண மாட்டார்.

மூன்றாவது அளவுகோல் காலம். இங்குதான் எங்கள் ஊரின் புகழ் பெற்ற ஓட்டக்காரர் வருகிறார். கெனத் பவல் 1940இல் தங்கவயலில் பிறந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் முதற் சுற்றோடு நின்றார். ஆனால் அந்தோணி கூத்தின்ஹோ, மக்கன் சிங், ராஜசேகரன் ஆகியோருடன் தொடரோட்டத்தில் அரையிறுதி வரை சென்றார். 1965இல் அர்ஜுனா விருது பெற்றார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்தியக் குழுவிலும் ஓடினார். 2022இல் மறைந்தார்.

அவர் ஓடிய நேரத்தை இன்றைய மாணவர் நேரத்தோடு அப்படியே ஒப்பிடலாமா? கூடாது. டோக்கியோவில் அவர் ஓடியது கரித்தூள் பரப்பிய பாதை. செயற்கைத் தளம் ஒலிம்பிக்கிற்கு வந்தது 1968இல்தான். மறுபுறம், கைக்கடிகாரம் கொண்டு எடுத்த பழைய கணக்குகள் மின்கடிகாரத்தைவிட ஏறத்தாழ கால் வினாடி குறைத்தே காட்டும். முன்னது பழைய வீரருக்குத் தடை, பின்னது அவருக்குச் சலுகை. இரண்டையும் சீர்தூக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நான்காவது அளவுகோல் வாய்ப்பு. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1940இலும் 1944இலும் ஒலிம்பிக் நடக்கவே இல்லை. அர்ஜுனா விருது தோன்றியது 1961இல். அதற்கு முன் ஆடியவர்க்கு எந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கும்? என் பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தவர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். அவ்வெக்கையில் ஷிப்டு முடித்து, கூண்டேறி மேலே வந்து, மாலையில் காற்பந்தும் ஆக்கியும் ஆடியவர்களைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் பெயரையும் நான் எந்த நூலிலும் கண்டதில்லை. முழு ஓய்வும் நல்ல உணவும் பெற்று ஆடியவரையும், பாறை உடைத்த கையோடு ஆட வந்தவரையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையா?

என் வாக்கைக் கேட்டால், ஏட்டில் உள்ளவர்களுள் பவலுக்கே அளிப்பேன். ஏட்டில் ஏறாதவரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை.

அச்சான்றைத் தேடுவது நம் கடமை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிதறின. ஆட்டத்தைக் கண்ட கண்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். முதியவர்களிடம் கேளுங்கள்: ஆடியவர் பெயர் என்ன? எந்த ஆண்டு? எந்தக் குழுவை எதிர்த்து? ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய நிழற்படம் இருந்தால் அதில் நிற்பவர் பெயர்களை அன்றே எழுதி வாங்குங்கள். அதன் பிறகு வாதிடுவோம், விடிய விடிய வாதிடுவோம். வழக்கு மன்றத்துக்குச் சாட்சிகளை அழைத்து வராமல் தீர்ப்பு மட்டும் எழுதுவது தமிழ் மாணவர்க்கு அழகன்று.