பூசலார் ஊரில் ஓர் அன்பர்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இரயில் தடத்தில் உள்ளது திருநின்றவூர். கையில் பொருளின்றி, உள்ளத்திலேயே கல் அடுக்கிக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர். இங்கு எழுந்தருளியுள்ள இருதயாலீஸ்வரரை நாடி இதய நோயுற்றோர் பலர் வருகின்றனர்.

அண்மையில் அச்சந்நிதியில் ஓர் அன்பரைச் சந்தித்தோம். வயது 64. பூஜைப் பொருள் வணிகர். மாரடைப்பு வந்து 3 மாதங்கள் ஆகின்றன. கடையை இப்போது மகன் கவனிக்கிறார். "கல்லாவில் அமர்ந்த கை சும்மா இருக்கிறது, நெஞ்சைவிட அதுதான் வலிக்கிறது" என்றார். அவருடைய துணைவியார் மெல்ல, "இரவில் இரண்டு முறை எழுந்து இவர் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்" என்றார். கணவருக்கு அச்செய்தி புதிது!

பிரதோஷ விரதத்தன்று மாத்திரையையும் தவிர்த்ததாக அவர் கூறவே, திடுக்கிட்டோம். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது. காயமுற்ற இதயத் தசை தழும்பாகி உறுதிபெறச் சில வாரங்கள் ஆகும். நடையையும் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். மலைக்கோயில் படிகள் காத்திருக்கட்டும். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோனின் கனவில் தோன்றி, அவனது குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பூசலாரின் மனக்கோயிலுக்கு எழுந்தருளியவர் அல்லவா நம் பெருமான்!

அன்று அவர் வலம் வந்தது ஒரே சுற்று. மீதிச் சுற்றுகளைத் துணைவியார் வர, தூணருகே அமர்ந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.