உங்களுக்குத் தெரியுமா? ஓர் இடைவெளி அழித்த வட்டு

2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2.0, நிறுவும்போதே சில மேக் கணினிகளின் வட்டைத் துடைத்துவிட்டது. நிறுவல் ஸ்கிரிப்டில் வட்டுப் பாதையைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி இல்லை. அவ்வளவுதான் காரணம்!

• ‘டிஸ்க்’, ‘டிஸ்க் 2’ என இரண்டு வட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறியில் உள்ள பாதையை மேற்கோள் இல்லாமல் எடுத்தால், கட்டளைகளை இயக்கும் ஷெல் அதை இடைவெளியில் இரண்டாக உடைக்கும். இரண்டாம் வட்டிலுள்ள பழைய ஐட்யூன்ஸை மட்டும் நீக்கவேண்டிய கட்டளை, ‘டிஸ்க்’ முழுவதையும் நீக்கிவிடும். ஆப்பிள் அவசரமாக 2.0.1-ஐ வெளியிட்டது.

• இப்படி உடைவதில், பல கோப்புகளை ஒரே குறியால் சுட்டும் நட்சத்திரக்குறி (*) அப்பாவி. ஷெல் முதலில் மாறியின் மதிப்பை உடைக்கிறது. பிறகே *-க்குப் பொருந்தும் கோப்புகளைத் தேடுகிறது. கிடைத்த பெயர்களில் இடைவெளி இருந்தாலும் மறுபடி உடைப்பதில்லை. அந்தப் பெயரை மாறியில் போட்டு, மேற்கோள் இல்லாமல் எடுக்கும்போதுதான் வம்பு.

• பயந்துபோய் *-ஐயும் மேற்கோளுக்குள் அடைத்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். பாதை $1 என்ற மாறியில் இருந்தால், "$1"/* என்று எழுதுங்கள்: பாதை உள்ளே, நட்சத்திரம் வெளியே.

• யூனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழிய பைட்டும் மட்டுமே ஆகாது. அதனால் இடைவெளி மட்டுமல்ல, வரிமுறிவுகூட வரலாம் (யார் வைப்பார்களோ!).