மஞ்சாடி எடையும் காஸ்டிக் சோடாவும்

உப்புக் காற்று – 9

தூத்துக்குடியில் அத்தை வீட்டு போர் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சோப்பைப் போட்டாலும் நுரைக்காது. வாளி ஓரத்தில் வெள்ளை ஆடையாகப் படியும். “எம்புட்டு தேய்ச்சாலும் நுரை வரமாட்டேங்கு ட்டி. காசைத்தான் கரைக்கேன்” என்பார் அத்தை.

தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடுவதுதான் காரணம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மட்டும் இந்தத் தண்ணீருக்குக் கொஞ்சம் ஈடுகொடுக்கும். அந்த எண்ணெயில் மிகுதியாக இருக்கும் லாரிக் அமிலத்தின் சோப்பு, உப்புத் தண்ணீரிலும் ஓரளவு கரையும். கடல் தண்ணீரிலேயே குளிக்க வேண்டியிருந்த கப்பல்காரர்கள் தேடி வாங்கியதும் இந்தச் சோப்பைத்தான். அதை வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று அத்தையிடம் வாக்குக் கொடுத்தேன்.

சோப்புக்கு எண்ணெய் எவ்வளவு முக்கியமோ, காரமும் அவ்வளவு முக்கியம். “காஸ்டிக் சோடா போடாத இயற்கைச் சோப்பு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே காரம் சேர்த்துச் செய்த கட்டியை உருக்கி வார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காரம் நமக்கு அந்நியமும் அல்ல. அளத்துப் பாத்தியில் விளையும் உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் பிரியும். ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் இதற்கென்றே பெரிய ஆலை இருக்கிறது. குழம்பில் போடும் அதே உப்பின் பிள்ளைதான், தோலை வேகவைக்கும் இந்தக் காரமும்.

முதல் முறை நான் செய்த தப்பு, சமையல் புத்தியில் கைக்கணக்காகப் போட்டது. சோப்பு இறுகியதும் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குருணை தெரிந்தது. தொட்டுப் பார்த்த அத்தைக்கு விரல் எரிந்தது. எண்ணெயோடு சேராமல் மிஞ்சிய காரம் அது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். நிறுத்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கரையில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, மஞ்சாடி என்ற சிற்றெடைக் கணக்கில் நிறுத்திருக்கிறார்கள். இங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். குளிப்பு நின்றால் என்ன, நிறுக்கும் ஊர் இது. ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கணக்கு இதுதான். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 500 கிராம் எண்ணெய்க்கு 91.5 கிராம் வரும். அவ்வளவும் போட்டால் தோலுக்கு எண்ணெய் மிஞ்சாது; தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இயல்பிலேயே தோலை வறளச் செய்வது வேறு. அதனால் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 73 கிராம் போட்டேன். தண்ணீர் 150 கிராம். கடை பாக்கெட்டில் 500 மில்லி என்று இருப்பதை 500 கிராம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 460 கிராம்தான் நிற்கும். வேறு எண்ணெய் என்றால் கணக்கும் வேறு.

கடற்கரை ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தை உறிஞ்சும். திறந்து வைத்த டப்பாவில் செதில்கள் கசகசத்துப்போனால் தராசு காட்டும் எடையில் பாதி தண்ணீராகக்கூட இருக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில், பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் கரைசலை ஊற்றி வைக்கவே கூடாது.

தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி ஆகாது, காரம் அதை அரிக்கும், எவர்சில்வர் போதும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, காற்றோட்டமான இடம். மேலே பட்டுவிட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியதும் உடனே மருத்துவமனை.

எண்ணெயும் கரைசலும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேர்த்துக் கலக்க வேண்டும். கரண்டியால் மேலே கோலம் இழுத்தால் கோடு அழியாமல் நிற்கும் பதத்தில் அச்சில் ஊற்றலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சில மணி நேரத்திலேயே இறுகும். அன்றே வெட்டாவிட்டால் பொடிந்து உடையும். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும்.

“இம்புட்டு வம்பு எதுக்கு? இயற்கையா எதையாவது பூசிக்கிடலாமே” என்றார் அத்தை. இயற்கை என்றதும் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் வம்பே. இந்தக் கரையின் சங்கையே பாருங்கள். கல்லில் உரைத்துப் பருவில் தடவுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். முத்தைப் போலவே சங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதே சங்கைச் சுட்டால் சுண்ணாம்பு, தோலைப் பொத்துவிடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்பளிக்கலாம். கற்றாழைச் சோற்றை வழித்து வைத்தால் ஃபிரிட்ஜில் இருந்தாலும் சில நாளில் கிருமி சேரும். தண்ணீர் இருக்கிற எதுவும் அப்படித்தான். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ அரைத்த குளியல் பொடி நிற்கும், ஈரக் கை படாதவரை. புதிதாக எதைச் செய்தாலும் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒன்றிரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம்.

தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள், விற்கலாமே என்று தோன்றும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டமும் 2020-இல் வந்த அழகுப் பொருட்கள் விதிகளும் விற்பனைக்குச் செய்பவர்களிடம் உரிமம் கேட்கின்றன. வீட்டுக்குச் செய்வது வேறு, ஊருக்குச் செய்வது வேறு.

ஆறு வாரம் கழித்து அந்தச் சோப்பைப் போர் தண்ணீரில் தேய்த்தோம். பொங்கி வழியவில்லை, ஆனால் நுரைத்தது. அடுத்த தடவை அத்தையே நிறுத்தார். தராசில் 74 என்று காட்டியபோது ஒரு செதிலைக் கரண்டி முனையால் திரும்ப எடுத்தார். அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்புக்கு உப்பு மட்டும் வழக்கம்போல் கைக்கணக்குதான்.

(வீசும்)