குழாயைப் பெரிதாக்கினால் போதாதா?

2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இரண்டே மணி நேரத்தில் சுமார் 150 மி.மீ. மழை கொட்டியது. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர்! அந்த ஊரின் பெரும்பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். அது நிரம்பியதும் சாக்கடை நீர் எதிர்த்து ஏறி, வீடுகளின் நிலவறைகளுக்குள் புகுந்தது.

பெரிய குழாய்களாகப் பதித்துவிடலாமே? எப்போதோ வரும் பேய்மழைக்காக நகரம் முழுவதையும் தோண்டினால் செலவு தாங்காது. 2012-இல் நகர மன்றம் ஏற்ற திட்டம் வேறு வழி கண்டது. சில சுரங்கக் குழாய்கள் உண்டு. மற்றபடி, தண்ணீரை நிலத்தின் மேலேயே நடத்திச் செல்வது. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? தெருவையே வாய்க்காலாகச் சரித்தால் நீர் துறைமுகம் போய்ச் சேரும். பூங்காவைத் தாழ்த்தினால் அங்கே தேங்கும்.

அந்நகரின் எங்காவே பூங்கா அப்படித்தான் மாறியது. ஏரிக்கரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: மூன்று பக்கமும் கரை, கொள்ளளவு சுமார் 22,600 கன மீட்டர். மற்ற நாட்களில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெருமழையில் அது நிரம்பும்; குழாய்களில் இடம் கிடைத்தபின் மெல்ல வடியும். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையிலும் தெருவில் 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக்கூடாது என்பதே திட்டத்தின் இலக்கு.